குழந்தை அறைச் சுவரில் கறுப்புப் பூசணம், இரவெல்லாம் இருமல்: சமையல்தான் காரணமா?

கிழக்குஜன்னல்
2025 நவம்பர் 9, இரவு 11:40

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) ஃபிளாட், மேல்மாடி. மகனுக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம்.

செப்டம்பர் கடைசியில் அவன் கட்டிலுக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில் எள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துடைத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. இப்போது ஜன்னல் வரை இறங்கிவிட்டது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் மெத்தையின் அடிப்பக்கமும் சாம்பல் பூத்திருக்கிறது. அறைக்குள் நுழைந்தால் நனைந்த சாக்கு வாடை.

இரவு இரண்டு மணி வாக்கில் இருமல் ஆரம்பிக்கும். வாந்தி வரும்வரை இருமுவான். மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம். நர்சரியில் பகலெல்லாம் ஓடியாடி விளையாடுகிறான், ஒன்றுமில்லை. பருவத்தின் நடுவே வரும் பள்ளி விடுமுறையில் என் அக்கா வீட்டுக்கு வெம்பிளி போய் நாலு நாள் இருந்தோம். அந்த நாலு இரவும் இருமல் இல்லை.

அசோசியேஷனிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, ரேடியேட்டர் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, "வீட்டில் ஆவி அதிகம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூசணத்துக்கென்று பெயின்ட் விற்கிறது, அதை அடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மூலையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவே பயமாக இருந்தது, பிள்ளைக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்துப் படுக்க வைத்தேன். என் சமையலால்தான் அவன் இருமுகிறானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி
நவம்பர் 10, காலை 7:15

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது உங்கள் பதிவைப் படித்தேன். நாளைக்கு வழக்கம்போல் சமையுங்கள், முதலில் அது.

நீங்கள் இங்கே எழுதியதை ஜிபியிடமும், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடமும், அப்படியே சொல்லுங்கள். இரவில்தான் வருகிறது, விசில் சத்தம் இருக்கிறது, வேறு வீட்டில் படுத்தால் இல்லை, தலைமாட்டுச் சுவரில் பூசணம் இருக்கிறது. பெற்றோர் பெரும்பாலும் இருமலை மட்டும்தான் சொல்வார்கள், சுவரைப் பற்றிச் சொல்லத் தோன்றாது. பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் எங்கள் ஆட்களும் கேட்கத் தவறிவிடுகிறோம். சுவரையும் மெத்தையையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். இரவில் மூச்சு விடும்போது அவன் பனியனைத் தூக்கி, நெஞ்சு தெரிகிறமாதிரி அரை நிமிட வீடியோவும் எடுங்கள். பகலில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காமல் போகலாம், வீடியோவைப் பார்த்தால் டாக்டருக்குப் புரியும்.

பூசணம் காற்றில் விடும் விதைத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதன் உடைந்த துணுக்குகளும் காற்றில் மிதக்கும். சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமை, சிலருக்கு வெறும் எரிச்சல். எதுவானாலும் மூச்சுக்குழாயின் உட்பக்கம் வீங்கும். நமக்குத் தொண்டைக் கரகரப்போடு போகிற வீக்கம், அவர்களுடைய சின்னக் குழாயில் மூச்சையே நெருக்கும். அதோடு மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளில் பாதி நேரம் தூங்குகிறது. உங்கள் மகன் அந்த மூலைக்கு நேர் கீழே தூங்குகிறான். இன்றைக்கே கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். அந்த மெத்தை வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த வயதில் வரும் இருமலில் பெரும்பங்கு வைரஸால்தான். ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா என்று உறுதியாகச் சொல்வதும் கடினம், ஊதிப் பார்க்கும் பரிசோதனையை அவர்களால் செய்ய முடியாது. அதனால் முடிவை டாக்டரிடம் விடுங்கள். ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. 999-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தாம்பரத்தான்
நவம்பர் 10, காலை 9:02

சகோதரிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தாம்பரத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவன் நான். ஐப்பசி கார்த்திகை வந்தால் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் துணியில்கூடப் பூசணம் பூக்கும். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்ந்தோம். இங்கே எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறார்கள். பூசணத்தால் நுரையீரலில் ரத்தம் கசிகிறது என்று அமெரிக்காவில் பெரிய பரபரப்பைக் கிளப்பி, பிறகு அரசே அதைத் திரும்பப் பெற்றதாகப் படித்த ஞாபகம். தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

வன்னிமகன்
நவம்பர் 10, மதியம் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். பதினொரு வருடமாக வீடுகள் திருத்துற வேலைதான் எனக்கு, அதில பாதி இந்த ஓத வேலை.

அக்கா, சாம்பார் எல்லா வீட்டிலும்தான் கொதிக்குது. எல்லா வீட்டிலும் மூலை கறுக்கிறதில்லை. 20 டிகிரி அறைக் காற்றில் ஒரு கன மீட்டரில் 17 கிராம் வரைக்கும் தண்ணீர் ஆவியாக நிற்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த இடத்தில் ஒட்டும். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்றும் இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரம் 80 விழுக்காட்டில் சில நாள் நின்றாலே பூசணத்துக்குக் காணும். அதனால கேட்க வேண்டிய கேள்வி, அந்த மூலை மட்டும் ஏன் குளிருது என்கிறது.

மேல்மாடி என்று சொல்லியிருக்கிறீர்கள். கூரைக்குள் கம்பளி மாதிரி விரித்திருக்கிற இன்சுலேஷன் ஓரம் வரை போகாமல் நின்றிருக்கும், நூறு வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த ஓரம்தான் உங்கள் மூலை. மழை பெய்யும்போது வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். மழைநீர்க் குழாயின் பூட்டு விட்டிருந்தால் சுவரில் பச்சைப் பாசி இறங்கியிருக்கும்.

குளியலறை ஃபேனைப் போட்டு ஒரு டிஷ்யூத் தாளைப் பிடியுங்கள், ஒட்டி நிற்க வேண்டும். அதோட நிறுத்தாமல் வெளிச்சுவரில் அந்த ஃபேன் காற்று வருகிற இடத்தில் மூடி அசையுதா என்றும் பாருங்கள். ஃபேன் இழுக்கும், ஆனால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

பெயின்ட் அடிக்க வேண்டாம். கறுப்பு மறையும், ஈரம் உள்ளுக்குத்தான் இருக்கும்.

தாம்பரத்து அண்ணா, ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்காலயே காற்று போய்வரும், கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும். இங்கே ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், நவம்பரில் திறந்தால் பிள்ளை விறைத்துப் போகும். அந்த வீட்டையும் இந்த வீட்டையும் ஒன்றாக வைத்துக் கதைக்க ஏலாது.

ஏரிக்கரை
நவம்பர் 10, மாலை 6:48

தாம்பரத்தான் சார் கேட்டது எங்கள் ஊர்க் கதை. ஓஹையோவில் கிளீவ்லேண்ட். தியாகராஜர் ஆராதனைக்கு வருடாவருடம் நம் ஜனங்கள் கூடுகிற அதே ஊர்.

1993 ஜனவரியிலிருந்து 1994 கடைசிக்குள் இங்குள்ள ரெயின்போ குழந்தைகள் மருத்துவமனைக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்த கைக்குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். எல்லாரும் சில மாதக் குழந்தைகள், ஊரின் கிழக்குப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து வந்தவர்கள். மிகமிக அரிதான நோய் அது. டார் டியர்போர்ன் என்ற மருத்துவர் இது தற்செயல் இல்லை என்று நினைத்து அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியைக் கூப்பிட்டார். வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். நோய் வந்த குழந்தைகளின் வீடுகளில் கூரை ஒழுகியோ குழாய் உடைந்தோ பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியோ இருந்தது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூசணமும் அந்த வீடுகளில் அதிகம் கிடைத்தது. பத்திரிகைகள் அதற்குக் 'கொல்லும் பூசணம்' என்று பெயர் வைத்துவிட்டன.

2000 மார்ச்சில் சிடிசி தன் ஆய்வையே மறுபரிசீலனை செய்தது. அளந்த விதத்திலும் கணக்கிட்ட விதத்திலும் குறைகள் இருக்கின்றன, அந்தப் பூசணம்தான் ரத்தக்கசிவுக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்றது. அது வரை சார் சொன்னது சரி.

ஆனால் நிரூபணமாகவில்லை என்றது அந்த ஒரு பூசணத்துக்கும் அந்த ஒரு ரத்தக்கசிவுக்கும் உள்ள தொடர்பைத்தான். ஓதம் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. 2004-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க அறிவியல் ஆலோசனை அமைப்பு இருக்கிற ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்து, ரத்தக்கசிவுக்குச் சான்று போதாது, ஆனால் இருமலுக்கும் இளைப்புக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது முற்றுவதற்கும் ஓத வீட்டோடு தொடர்பு இருப்பதற்குச் சான்று போதுமானது என்று சொன்னது. 2009-இல் உலக சுகாதார நிறுவனமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

இதே கிளீவ்லேண்டில் நடந்த இன்னொரு ஆய்வைப் பற்றி வெளியே அவ்வளவாகப் பேச்சில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஆஸ்துமாவும் வீட்டில் பூசணமும் இருந்த 62 குழந்தைகள். எல்லாருக்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஒரு பிரிவினரின் வீட்டில் மட்டும் ஒழுகலை அடைத்து, ஈரம் வருகிற வழியைச் சரிசெய்தார்கள். வேலை முடிந்த பிறகு ஆஸ்துமா முற்றி அவசரமாக மருத்துவமனைக்கு ஓடியவர்கள், வீடு திருத்தாத பிரிவில் 33 பேரில் 11 பேர். திருத்திய பிரிவில் 29 பேரில் ஒருவர். 2006-இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த 11-ஐயும் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு எங்கள் வீட்டு பேஸ்மென்டை நான் சும்மா விடவில்லை.

தாம்பரத்தான்
நவம்பர் 10, இரவு 8:30

விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பாதி தெரிந்துகொண்டு பேசிவிட்டேன்.

மதியத்திலிருந்து ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேரும் நன்றாக வளர்ந்தோம் என்று எழுதினேன். கடைசித் தங்கைக்கு இளைப்பு உண்டு. கார்த்திகை மாதத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். அது அவள் உடம்பு வாகு என்று விட்டுவிட்டோம். அவள் பாய் எப்போதும் மேற்குச் சுவரோரம்தான், மழைச்சாரல் அடிக்கும் பக்கம். அதனால்தான் வந்தது என்று சொல்ல வரவில்லை. பாயை இந்தப் பக்கம் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சிவப்புச்செங்கல்
நவம்பர் 10, இரவு 10:05

மான்செஸ்டர் பக்கம் இருக்கிறேன். வாடகைதாரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வ வேலை செய்கிறேன். கிழக்குஜன்னல், உங்கள் பதிவில் 'ஆவி அதிகம்', 'பெயின்ட் அடியுங்கள்' என்ற இரண்டையும் படித்ததும் கை நடுங்கியது. இங்கிருந்து பத்து மைலில் ராச்டேல். அங்கே ஒரு தகப்பனுக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

அவாப் இஷாக். சூடானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. ராச்டேல் பரோவைட் ஹவுசிங் என்ற வீட்டுவசதி நிறுவனத்தின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே, 2017-இல், தகப்பன் பூசணத்தைப் பற்றிப் புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார், திரும்ப வந்தது. 2020 ஜூலையில் ஹெல்த் விசிட்டரும் (சின்னக் குழந்தைகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்) கவலை தெரிவித்து எழுதினார். தகப்பன் வக்கீல் மூலம் போனதும், வழக்கில் உடன்பாடு வரும்வரை ரிப்பேர் இல்லை என்ற விதியின்படி வேலை நின்றது. குளியலறை ஃபேன் ஓடவில்லை. சமையலறையில் காற்றை வெளியேற்றும் வசதி சரியாக இல்லை. 2020 டிசம்பர் 21 அன்று அவாப் இறந்தான். இரண்டு வயது முடிந்து எட்டு நாள்.

மரண விசாரணை அதிகாரி ஜோயன் கியர்ஸ்லி 2022 நவம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் நீண்டகாலம் பூசணத்துக்கு ஆளானதால் மூச்சுக்குழாய் கடுமையாகப் பாதிக்கப்பட்டு இறந்தான் என்று பதிவானது. அந்தக் குடும்பம் குளிக்கும் முறை, சமைக்கும் முறை பற்றித் தாங்களாக எதையோ நினைத்துக்கொண்டது தவறு என்று அந்த நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. ஒருவர் எந்த ஊர்க்காரர், என்ன சமைக்கிறார் என்று பார்த்துச் சுவருக்கு வைத்தியம் சொல்வது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வாடகைதாரர்களின் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஆம்பட்ஸ்மன் 2021 அக்டோபரிலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார், தலைப்பிலேயே 'இது வாழ்க்கைமுறை அல்ல' என்று போட்டார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அவாப் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல், அதாவது இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், இங்கிலாந்தில் சமூகவீடுகளுக்கு, அதாவது உள்ளாட்சிக் கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, நடைமுறைக்கு வந்தது. உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து தரும் ஓதம், பூசணம் என்று புகார் போனால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலை நாளுக்குள் கண்டதை எழுத்தில் தர வேண்டும். ஆபத்து உண்டு என்று தெரிந்தால் 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் அசோசியேஷன் செலவில் வேறு தங்குமிடம். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரிய ஆபத்தென்றால் 24 மணி நேரம்தான்.

ஃபோனில் சொல்லாதீர்கள், இமெயிலில் எழுதுங்கள். குழந்தையின் வயது, இருமல், விசில் சத்தம், எந்தச் சுவர், எத்தனை முறை துடைத்தும் வந்தது, படங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஜிபியிடமிருந்து இரண்டு வரி கடிதம் கிடைத்தால் அதையும் சேருங்கள். அவர்கள் அசையாவிட்டால் அவர்களுடைய புகார்ப் படிகளை முடித்துவிட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் காலக்கெடு இன்னும் வரவில்லை. ஆனால் வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டம் அவர்களுக்கும் உண்டு, கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைக் கூப்பிடலாம்.

கிழக்குஜன்னல்
நவம்பர் 10, இரவு 11:55

எல்லாரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பிள்ளையைப் பற்றிப் படித்துவிட்டு ஹாலுக்குப் போய் இவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன். மெத்தையைத் தூக்கிப் போட்டாயிற்று. இமெயில் அனுப்பிவிட்டேன், படங்கள் பதினான்கு.

மாலையில் வெளியே போய்ப் பார்த்தேன். வன்னிமகன் தம்பி சொன்னபடி சுவரில் பச்சைக் கோடு இருக்கிறது. குளியலறையில் டிஷ்யூ நன்றாகவே ஒட்டி நின்றது. ஆனால் வெளியே மூடி அசையவே இல்லை, பக்கத்து வீட்டு மூடி படபடவென்று அடிக்கிறது.

ஒரு கேள்வி. இணையத்தில் பூசணப் பரிசோதனைக் கிட் விற்கிறார்கள். வாங்கி என்ன வகை என்று பார்க்கட்டுமா? மீதியிருக்கும் பூசணத்தை நானே துடைக்கலாமா?

வன்னிமகன்
நவம்பர் 11, காலை 6:10

மூடி அசையவில்லையா! அக்கா, அந்தக் குழாய் கூரைக்குள்ளே கழன்று கிடக்குது என்றுதான் நினைக்கிறேன். குளியலறை ஆவியெல்லாம் பிள்ளையின் அறைக்கு மேலே போய் நிற்கும். இதையும் இமெயிலில் எழுதி அனுப்புங்கோ. ஆய்வுக்கு வருகிறவரைக் கூரைக்குள்ளே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கோ, ஏணி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கோ.

இரவுப்பணி
நவம்பர் 11, காலை 7:40

கிட் வேண்டாம். எவ்வளவு பூசணம் இருந்தால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனமே ஓர் எண்ணைத் தரவில்லை. நிறத்தை வைத்து வகையும் தெரியாது, கறுப்பெல்லாம் ஸ்டாக்கிபோட்ரிஸ் இல்லை. எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பணத்துக்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி அறையில் வையுங்கள். 40 விழுக்காட்டுக்கும் 60 விழுக்காட்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது.

துடைக்கலாம், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து, கையுறையும் நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷால் தேய்த்தால் அத்தனையும் காற்றில் பறக்கும். துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிளீச்சோடு வினிகரோ வேறு கிளீனரோ கலக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலுக்குப் பூசணத்தைவிட மோசம். துடைப்பதற்கு முன் படம் எடுத்துவிட்டீர்கள்தானே?

இன்னொன்று, இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக. புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பிறவி நோய்) உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இது இருமலோடு நிற்காது. ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூசணம் நுரையீரலுக்குள்ளேயே வளரக்கூடும். அவர்கள் பத்து நாள் காத்திருக்கக் கூடாது, சிகிச்சை தரும் டாக்டர் குழுவுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

கிழக்குஜன்னல்
நவம்பர் 26, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னியுங்கள். 19-ஆம் தேதி வேறொருவர் வந்தார், ஏணியோடு. கூரைக்குள் ஏறிப் பத்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஃபேன் குழாய் கழன்று, வாயைத் திறந்துகொண்டு, மகன் அறைக்கு நேர் மேலே கிடந்தது. சுற்றியிருந்த பலகை முழுக்கக் கறுப்பு. இன்சுலேஷன் ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கிறது. எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன், நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே இருக்கலாம் என்றார்.

24-ஆம் தேதி எழுத்தில் வந்தது. அதில் சமையல் என்ற சொல்லே இல்லை. நேற்று ஃபேன் குழாயைப் பூட்டி, மழைநீர்க் குழாயையும் மாற்றிவிட்டுப் போனார்கள். இப்போது வெளியே மூடி அடிக்கிறது. இன்சுலேஷன் வேலை ஜனவரியில் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

ஜிபி வீடியோவைப் பார்த்ததும் மூச்சுக்குழாயை விரிக்கும் நீல இன்ஹேலரும், அதை மாட்டி மருந்தை உள்ளிழுக்கும் ஸ்பேசர் குடுவையும் எழுதிக் கொடுத்தார். ஆஸ்துமாவா என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். ஹாலில் படுக்க ஆரம்பித்த முதல் வாரம் இருமல் இருந்தது. இந்த வாரம் இரண்டு இரவுதான். அறையில் மீட்டர் 74 காட்டிக்கொண்டிருந்தது, இன்று மாலை 66. அது 60-க்குக் கீழே இறங்கி, கூரை வேலையும் முடியும்வரை கட்டில் ஹாலிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தாம்பரத்தான்
நவம்பர் 26, இரவு 10:12

நல்ல செய்தி. அந்த ஃபிளாட்டில் உங்களுக்கு அடுத்த வாசலில் குழந்தைகள் இருக்கிறார்களா? அவர்கள் கூரையையும் யாராவது ஏறிப் பார்த்தார்களா?

கிழக்குஜன்னல்
நவம்பர் 26, இரவு 10:40

எதிர் வாசலில் ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது அண்ணா. நாளைக் காலையில் போய்ப் பேசுகிறேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இமெயிலை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.